லோக்கலில் ஓடுகிறது, சர்வரில் வெள்ளைத் திரை: ஜாவாஸ்கிரிப்ட் பில்ட் சிக்கல்களைப் படிப்படியாகப் பிடிப்பது எப்படி

உங்கள் கணினியில் 'என்பிஎம் ரன் டெவ்' கொடுத்தால் ஆப் அழகாக வருகிறது. டெப்ளாய் பண்ணி லிங்க்கைத் திறந்தால் வெறும் வெள்ளை. அல்லது எல்லாம் வருகிறது, லோகோ மட்டும் உடைந்த படமாக நிற்கிறது. நண்பர்களிடம் கேட்டால் முதல் பதில் "நோட் மாட்யூல்ஸை டெலீட் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க" என்றுதான் வரும். அந்த வைத்தியம் கேட்கும் நோய் ஒன்றிரண்டுதான். மற்றதற்கெல்லாம் நேரம்தான் விரயம்.

இந்தக் குப்பையில் நிறையவே புரண்டு எழுந்தபின் எழுதுகிறேன். வீட் (பலர் வாயில் 'வைட்') என்ற பில்ட் கருவி கொண்டு ரியாக்ட் அல்லது வியூ ஆப் கட்டி, கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, அல்லது சொந்தமாக எஞ்சின்எக்ஸ் வைத்த சர்வரில் ஏற்றுகிற புதியவர்களுக்கானது இது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பேக்கேஜ்.ஜேசன் இருக்கும். பேக்கேஜ்-லாக்.ஜேசன் கிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். "தானாக உருவாகும் கோப்புதானே" என்று அதை கிட்-இக்னோரில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உங்கள் கணினியில் ஒரு பதிப்பும் சர்வரில் வேறு பதிப்பும் இறங்க வாய்ப்பிருக்கிறது. லாக் கோப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். என்பிஎம், யார்ன், பிஎன்பிஎம் மூன்றின் லாக் கோப்புகளும் ஒரே ரெப்போவில் கிடந்தால் ஹோஸ்டிங் எதை எடுக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. நீங்கள் பயன்படுத்தாததை நீக்கிவிடுங்கள்.

'நோட் மைனஸ் வி' கொடுத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் என்வ் கோப்பில் (சூழல் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) உள்ள மாறிகளின் பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள், மதிப்புகள் வேண்டாம். டெப்ளாய் தோற்றிருந்தால் அது ஓடியபோது வந்த முழுப் பதிவும் (இது 'லாக் கோப்பு' அல்ல, டெப்ளாய் லாக்) வேண்டும். கடைசி வரியில் பெரும்பாலும் 'எக்ஸிட் கோடு 1' என்றுதான் இருக்கும், அதனால் ஒரு பயனும் இல்லை. மேலே போய், முதல் எரர் எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள்.

செலவு: கற்றுக்கொள்ளும் கட்டத்தில் ஒரு பைசா வேண்டாம். பொது ரெப்போவாக இருந்தால் கிட்ஹப் பேஜஸ் இலவசம்; பிரைவேட் ரெப்போவிலிருந்து பேஜஸ் வெளியிடத்தான் கட்டணத் திட்டம் வேண்டும். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் பிரைவேட் ரெப்போவுக்கு இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடம். போதுமே என்று தோன்றும். ஆனால் ஒரு எழுத்தை மாற்றி புஷ் பண்ணி, காத்திருந்து, மறுபடி மாற்றி புஷ் பண்ணி என்று டெப்ளாயையே சோதனைக்கூடமாக வைத்தால் அது கரையும். நிமிடத்தைவிட உங்கள் பொறுமை சீக்கிரம் கரையும்.

2. சர்வரைத் தொடாமல் வீட்டிலேயே உடைத்துப் பாருங்கள்

பத்து நிமிட வேலை, ஆனால் பாதிச் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை இதுவே சொல்லிவிடும்.

'என்பிஎம் ரன் பில்ட்' கொடுங்கள். முடிந்ததும் 'என்பிஎம் ரன் பிரிவ்யூ'. டெவ் சர்வர் 5173 போர்ட்டில் ஓடும். பிரிவ்யூ 4173 போர்ட்டில் ஓடும். இரண்டும் ஒன்றல்ல. டெவ் சர்வர் உங்கள் சோர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளைக் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கிறது. எழுதியது கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கண்டுகொள்ளாது. பிரிவ்யூ காட்டுவது டிஸ்ட் ஃபோல்டரில் உருவான இறுதிப் பொருளை. சர்வருக்குப் போவதும் அதுதான்.

பில்டே தோற்றால் 7ஆம் படிக்குப் போங்கள். பில்ட் ஆகி, பிரிவ்யூவிலும் உடைந்தால் கோளாறு உங்கள் கோடில் அல்லது கான்ஃபிக்கில். பிரிவ்யூ நன்றாக இருந்து சர்வரில் மட்டும் உடைந்தால் முகவரி, எழுத்து வேறுபாடு, சர்வர் அமைப்பு, கேஷ் இவற்றில் ஒன்று.

ஒரு பொறி: டிஸ்ட் ஃபோல்டரைத் திறந்து இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்து "வெள்ளையாக வருகிறது" என்று முடிவுகட்டாதீர்கள். நேரடியாகக் கோப்பாகத் திறந்தால் மாட்யூல் ஸ்கிரிப்ட்டுகளை பிரவுசர் பாதுகாப்புக் காரணமாகத் தடுத்துவிடும். எந்தக் குறையும் இல்லாத பில்டும் அப்படித் திறந்தால் வெள்ளைதான்.

3. நெட்வொர்க் டேப் என்ன சொல்கிறது?

கன்சோலை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபுக்குப் போங்கள், 'டிஸேபிள் கேஷ்' கட்டத்தை டிக் செய்யுங்கள், பக்கத்தை ரீலோட் பண்ணுங்கள். இந்த டிக் டெவ் டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் வேலை செய்யும். ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் பாருங்கள்: பிரவுசர் கேட்ட முழு முகவரி, சர்வர் தந்த ஸ்டேட்டஸ் எண், வந்த பொருளின் கன்டென்ட் டைப்.

404 என்றால் முகவரி தவறு, அல்லது அந்த முகவரியில் கோப்பு இல்லை. அது எளிது, அடுத்த மூன்று படிகள் அதற்குத்தான்.

எளிதல்லாதது இது: ஸ்டேட்டஸ் 200, பச்சையாக இருக்கிறது, ஆனால் கன்சோலில் 'அன்எக்ஸ்பெக்டெட் டோக்கன் <' என்று வருகிறது. அல்லது மாட்யூல் ஸ்கிரிப்ட் கேட்ட இடத்தில் 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' வந்தது என்று மைம் டைப் பற்றி ஒரு நீண்ட புலம்பல். அந்த '<' உங்கள் கோடில் எங்கே என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், அது அங்கே இல்லை. பிரவுசர் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்டது, சர்வரில் அது இல்லை, "கிடைக்காததற்கெல்லாம் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் கொடு" என்று சர்வரில் விதி இருக்கிறது, அது கடமை தவறாமல் எச்டிஎம்எல்லைக் கொடுத்து 200 என்றும் சொல்லிவிட்டது. பிரவுசர் படித்த முதல் எழுத்து '<'. ஆக இதுவும் 404தான், மாறுவேடத்தில் வந்திருக்கிறது. அந்த வரியைக் கிளிக் செய்து ரெஸ்பான்ஸ் டேபைப் பாருங்கள், உங்கள் எச்டிஎம்எல் அங்கே உட்கார்ந்திருக்கும்.

'பிளாக்ட்' என்று வந்தால், எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து எச்டிடிபி முகவரியில் ஸ்கிரிப்ட் கேட்கிறீர்களா என்று பாருங்கள். வேறு டொமைனிலிருந்து எழுத்துரு ஏற்றினால் அந்த டொமைன் கார்ஸ் ஹெடர் (பிற தளங்களும் எடுக்கலாம் என்ற அனுமதிக் குறிப்பு) அனுப்ப வேண்டும். படத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை, எழுத்துருவுக்கு உண்டு. "படம் வருகிறது, ஃபான்ட் மட்டும் வரவில்லை" என்றால் காரணம் பெரும்பாலும் இது.

எல்லாமே பச்சை, சரியான டைப், ஆனாலும் திரை வெள்ளை என்றால் கோப்புகள் வந்துவிட்டன, கோடு ஓடும்போது விழுந்திருக்கிறது. கன்சோல் எரர் சுருக்கப்பட்ட கோடில் இருப்பதால் படிக்கவே முடியாது. வீட் கான்ஃபிக்கில் பில்ட் பகுதியில் 'சோர்ஸ்மேப்' என்பதை ட்ரூ ஆக்கி மறுபடி பில்ட் பண்ணி பிரிவ்யூவில் பாருங்கள். உங்கள் கோப்புப் பெயரும் வரி எண்ணும் தெரியும். பொதுத்தளத்துக்குப் போகும் முன் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சோர்ஸை யாரும் படிக்கலாம்.

4. பேஸ் பாதை: கிட்ஹப் பேஜஸில் முதல் பலி

ப்ராஜெக்ட் தளமாக கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் உங்கள் ஆப் டொமைனின் வேரில் இருக்காது. ரெப்போ பெயரில் ஒரு துணைப்பாதைக்குள் இருக்கும். ஆனால் வீட் இயல்பாக '/அசெட்ஸ்/...' என்று வேரிலிருந்து தொடங்கும் முகவரிகளை எழுதுகிறது. பிரவுசர் ரெப்போ பெயரை விட்டுவிட்டு வேரில் போய்க் கேட்கும், எல்லாம் 404.

வீட்.கான்ஃபிக் கோப்பில் 'பேஸ்' என்பதற்கு '/ரெப்போபெயர்/' என்று கொடுங்கள். முன்னும் பின்னும் சாய்கோடு வேண்டும். ரியாக்ட் ரவுட்டர் இருந்தால் அதற்கும் 'பேஸ்நேம்' கொடுக்க வேண்டும். இதை விட்டால் ஸ்கிரிப்ட் எல்லாம் இறங்கும், ஆனால் எந்த ரூட்டும் பொருந்தாமல் பக்கம் காலியாக நிற்கும். இரண்டு இடத்திலும் கையால் எழுதாமல், ரவுட்டரில் 'இம்போர்ட்.மெட்டா.என்வ்.பேஸ்_யூஆர்எல்' என்பதைக் கொடுத்துவிடுங்கள். நாளை சொந்த டொமைன் வாங்கி மாட்டும்போது பேஸை மறுபடி '/' ஆக்க வேண்டும், அப்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும். டொமைன் மாற்றிய அன்று தளம் படுத்துவிட்டது என்று பதறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

'./' என்று பேஸ் கொடுத்தால் எங்கும் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். ஒரே பக்க ஆப்புக்குச் சரி. ரவுட்டர் உள்ள ஆப்பில் முகப்புப் பக்கம் ஓடும். '/பொருள்/12' போன்ற உட்பக்கத்தில் ரீலோட் பண்ணினால் பிரவுசர் '/பொருள்/அசெட்ஸ்/' என்று தேடப் போகும். முகப்பை மட்டும் திறந்து பார்த்துவிட்டு "வேலை முடிந்தது" என்று தூங்கப் போகிறவர்களை மறுநாள் காலையில் எழுப்பும் பிழை இது.

பழைய கிரியேட் ரியாக்ட் ஆப் ப்ராஜெக்ட் என்றால் இதே வேலையை பேக்கேஜ்.ஜேசனில் 'ஹோம்பேஜ்' செய்கிறது. அந்தக் கருவியை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழு கைவிட்டதாக அறிவித்துவிட்டது; புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஆப்பை ஸ்டாட்டிக்காக எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிராஞ்சிலிருந்து பேஜஸில் போடுகிறவர்களுக்கு ஒரு வரி: அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்களை அங்குள்ள ஜெக்கில் என்ற தளம் கட்டும் கருவி தவிர்த்துவிடும், '.நோஜெக்கில்' என்ற காலிக் கோப்பை வெளியீட்டு ஃபோல்டரில் வையுங்கள்.

5. படங்கள்: பப்ளிக்கா, சோர்ஸா?

பப்ளிக் ஃபோல்டரில் போட்ட கோப்பு அப்படியே, பெயர் மாறாமல், டிஸ்டின் வேருக்கு நகலாகும். அதை '/லோகோ.பிஎன்ஜி' என்று அழைக்க வேண்டும். '/பப்ளிக்/லோகோ.பிஎன்ஜி' என்று எழுதினால் பில்டில் கிடைக்காது. இன்னொன்று: பேஸ் மாற்றியிருந்தால் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லிலும் சிஎஸ்எஸ்ஸிலும் உள்ள முகவரிகளை வீட் தானே திருத்திவிடும். ஜேஎஸ்எக்ஸில் நீங்கள் வெறும் சரமாக எழுதியதைத் தொடாது. அங்கே பேஸ்_யூஆர்எல்லை முன்னால் நீங்களே ஒட்ட வேண்டும்.

சோர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் படத்தை இம்போர்ட் செய்து, அந்த மாறியை இமேஜ் டேகில் கொடுங்கள். '/எஸ்ஆர்சி/அசெட்ஸ்/லோகோ.பிஎன்ஜி' என்று சரமாக எழுதினால் டெவ் சர்வரில் அருமையாக வரும், அங்கே அந்த ஃபோல்டர் உண்மையிலேயே இருக்கிறது. டிஸ்டில் எஸ்ஆர்சி என்று ஒரு ஃபோல்டரே கிடையாது. புதியவர்களின் உடைந்த லோகோக்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

லூப் போட்டுப் பெயரைக் கூட்டிக் கூட்டி முகவரி செய்கிறீர்களா? பில்ட் கருவிக்கு எந்தக் கோப்பு வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாது. 'இம்போர்ட்.மெட்டா.குளோப்' பயன்படுத்துங்கள், அல்லது அந்தப் படங்களைப் பப்ளிக்கில் போட்டுவிடுங்கள். சிறு தளத்துக்கு இரண்டாவதே நிம்மதி. டெயில்விண்டில் 'பிஜி-' என்பதோடு நிறத்தை ஒட்டி கிளாஸ் பெயர் செய்தால் அந்த ஸ்டைல் காணாமல் போவதற்கும் இதே காரணம்தான். முழுப் பெயராக எழுதுங்கள்.

டிஸ்டில் ஒரு சின்ன ஐகானைக் காணோம் என்று பதற வேண்டாம். 4 கேபிக்குக் குறைவான கோப்புகளை வீட் கோடுக்குள்ளேயே பேஸ்64 ஆகப் புதைத்துவிடும்.

6. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, தமிழ் எழுத்து

விண்டோஸும், இயல்பு அமைப்பில் மேக்கும், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். பில்ட் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ். கோப்பின் பெயர் பெரிய 'எச்' கொண்ட ஹெடர், இம்போர்ட்டில் சிறிய 'எச்' என்றால் உங்களிடம் ஓடும், அங்கே 'குட் நாட் ரிசால்வ்' என்று விழும். ஃபோனில் எடுத்த படங்களின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருப்பதும் இதே வகை.

பெயரை மாற்றி கமிட் செய்தாலும் சில நேரம் தீராது. எழுத்தளவு மட்டும் மாறினால் கிட் அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடும். 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கொடுத்துப் பாருங்கள். கிட்டுக்குள் இன்னும் பழைய பெயரே இருக்கும். 'கிட் எம்வி' கொண்டு முதலில் ஒரு தற்காலிகப் பெயருக்கும், பிறகு வேண்டிய பெயருக்கும் மாற்றுங்கள்.

படத்துக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க: 'கோவில்', 'கொலு' போன்ற பெயர்களில் வரும் ஓகார, ஒகரக் குறிகளை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். பெயர் அச்சு அசலாக இருந்தும் 404 வந்தால் இதுதான். தளத்தில் காட்டும் தலைப்பைத் தமிழில் வையுங்கள், கோப்புப் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

கிட் எல்எஃப்எஸ்ஸில் (பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் வசதி) வைத்த படங்கள் கிட்ஹப் பேஜஸில் வராது. படத்துக்குப் பதில் சில வரி உரைதான் போய்ச்சேரும்.

7. சர்வரில் பில்டே தோற்றால்

நோட் பதிப்பை முதலில் ஒப்பிடுங்கள். வீட் 7க்கு நோட் 20.19 அல்லது 22.12க்கு மேல் வேண்டும். ஹோஸ்டிங் பழையதை எடுத்தால் ஹோஸ்டிங் அமைப்பில் பதிப்பைக் குறிப்பிடுங்கள்; பேக்கேஜ்.ஜேசனில் எழுதும் 'என்ஜின்ஸ்' வரியை எல்லா ஹோஸ்டிங்கும் படிப்பதில்லை. எதிர்த்திசையிலும் நடக்கும்: வெப்பேக் 4 உள்ள பழைய ப்ராஜெக்ட்டை நோட் 17க்கு மேல் ஓட்டினால் 'ஓப்பன்எஸ்எஸ்எல்', 'அன்சப்போர்ட்டட்' என்று எரர் வரும். லெகசி புரொவைடர் என்ற ஒட்டு மருந்து இணையம் முழுக்கக் கிடைக்கும். இன்றைக்குத் தளத்தை எழுப்ப அது போதும், பிறகு வெப்பேக்கை 5க்கு உயர்த்துங்கள்.

சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். அது லாக் கோப்பில் உள்ளதை அப்படியே இறக்கும், பேக்கேஜ்.ஜேசனும் லாக் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அப்படி நிற்பது நல்லது.

'வீட்: நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் நோட்_என்வ் 'புரொடக்ஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் டெவ் டிபெண்டன்சிகளை என்பிஎம் இறக்காது, வீட் இருப்பதோ அதில்தான். இன்ஸ்டால் படியில் '--இன்க்ளூட்=டெவ்' சேருங்கள்.

நினைவகச் சிக்கல் இரண்டு விதம், மருந்தும் வேறு. 'ஹீப் அவுட் ஆஃப் மெமரி' என்றால் நோட் தனக்கு வைத்துக்கொண்ட எல்லையைத் தொட்டுவிட்டது. 'மேக்ஸ்-ஓல்டு-ஸ்பேஸ்-சைஸ்' 4096 என்று உயர்த்தலாம். 'கில்ட்' அல்லது எக்ஸிட் கோடு 137 என்றால் பெரும்பாலும் இயந்திரத்திலேயே ரேம் தீர்ந்து லினக்ஸ் அதைக் கொன்றிருக்கிறது. எல்லையை உயர்த்தினால் இன்னும் சீக்கிரம் சாகும். 1 ஜிபி விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) பில்ட் பண்ணவே வேண்டாம். உங்கள் கணினியிலோ கிட்ஹப் ஆக்ஷன்ஸிலோ பில்ட் செய்து டிஸ்டை மட்டும் அனுப்புங்கள். பெரிய சர்வருக்கு மாதாமாதம் கொடுக்கும் பணம் மிச்சம்.

8. என்வ் மாறிகள்

வீட் கருவியில் 'வீட்_' என்ற முன்னொட்டு இல்லாத மாறி பிரவுசர் கோடுக்கு வராது. முன்னொட்டு உள்ளவை பில்ட் நேரத்தில் கோடுக்குள் எழுதப்படுகின்றன. ஆகவே ஹோஸ்டிங் டாஷ்போர்டில் மதிப்பை மாற்றினால் மட்டும் போதாது, மறுபடி பில்ட் ஓட வேண்டும். இதனாலேயே அவை ரகசியமும் அல்ல. பேமெண்ட் ரகசியச் சாவியை அங்கே வைத்தால் ஊருக்கே கொடுத்ததாகும்.

9. ரீலோட் செய்தால் 404 வந்தால்

முகப்பிலிருந்து கிளிக் செய்து போனால் உட்பக்கம் வருகிறது, ரீலோட் பண்ணினால் 404. அந்தப் பாதையில் சர்வரில் கோப்பு இல்லை, ரவுட்டர் பிரவுசரில்தான் இருக்கிறது. எஞ்சின்எக்ஸில் 'ட்ரை_ஃபைல்ஸ்' வரியின் கடைசியில் '/இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' சேருங்கள். கூடவே '/அசெட்ஸ்/' பாதைக்குத் தனி லொகேஷன் எழுதி, அங்கே கோப்பு இல்லாவிட்டால் '=404' தரச் சொல்லுங்கள். 3ஆம் படியில் சொன்ன மாறுவேடம் அத்தோடு ஒழியும். நெட்லிஃபையில் பப்ளிக் ஃபோல்டருக்குள் '_ரீடைரக்ட்ஸ்' கோப்பில் ஒரே வரி: '/* /இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் 200'. கிட்ஹப் பேஜஸில் இப்படி விதி எழுத வழியில்லை, இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லை 404.எச்டிஎம்எல் என்று நகலெடுத்து வைப்பார்கள். பக்கம் வரும், ஸ்டேட்டஸ் 404 ஆகவே இருக்கும். தேடுபொறியில் வர வேண்டிய தளத்துக்கு அது உதவாது.

10. புதிதாக ஏற்றியபின் சிலருக்கு மட்டும் உடைந்தால்

"எனக்கு வருது, கஸ்டமருக்கு வரல." ஒவ்வொரு பில்டிலும், உள்ளடக்கம் மாறிய கோப்புகளின் பெயரில் உள்ள ஹேஷ் (உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் எழுத்துக்கோவை) மாறும். கஸ்டமரின் பிரவுசரில் நேற்றைய இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் இருக்கிறது, அது நேற்றைய கோப்பைக் கேட்கிறது, இன்றைய டெப்ளாய் அதை அழித்துவிட்டது. 'ஃபெயில்ட் டு ஃபெட்ச் டைனமிக்கலி இம்போர்ட்டட் மாட்யூல்' என்ற எரர் பெரும்பாலும் இதுதான்.

இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லுக்கு 'கேஷ்-கன்ட்ரோல்: நோ-கேஷ்' கொடுங்கள். ஹேஷ் உள்ள அசெட்ஸுக்கு 'மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்', அதாவது ஒரு வருடம். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் அந்த வருடம் முழுக்கத் திட்டு வாங்கலாம். சொந்த சர்வர் என்றால் பழைய அசெட்ஸை உடனே அழிக்காமல் சில நாள் விட்டுவையுங்கள். கிட்ஹப் பேஜஸில் ஹெடரை மாற்ற முடியாது. அங்கே கேஷ் 600 வினாடி, தவிர புஷ் செய்த மாற்றம் வெளியாகவே 10 நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் எதையும் திருத்தத் தொடங்காதீர்கள்.

'வீட்:பிரீலோட்எரர்' நிகழ்வைப் பிடித்துப் பக்கத்தைத் தானே ரீலோட் செய்யவும் வைக்கலாம். ஒரு முறைதான் செய்ய வேண்டும் என்று செஷன் ஸ்டோரேஜில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முடிவில்லாமல் சுழலும். முன்பு எப்போதோ பிடபிள்யூஏ ப்ளகின் (தளத்தை ஆப் போல நிறுவ வைப்பது) போட்டிருந்தால், எடுத்த பிறகும் அதன் சர்வீஸ் வொர்க்கர் (பின்னணியில் ஓடி, சேமித்த கோப்புகளைக் கொடுக்கும் ஸ்கிரிப்ட்) பயனரின் பிரவுசரில் உயிரோடு இருக்கும். அப்ளிகேஷன் டேபில் அதை அன்ரெஜிஸ்டர் செய்து பாருங்கள். அப்போது சரியானால், தன்னையே நீக்கிக்கொள்ளும் சர்வீஸ் வொர்க்கர் ஒன்றைப் பழைய கோப்புப் பெயரிலேயே ஏற்ற வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு யாரிடமாவது கேட்கப் போனால், திரையை ஃபோனில் படமெடுத்து அனுப்பாதீர்கள். உடைந்த வரியின் முழு முகவரி, ஸ்டேட்டஸ், கன்டென்ட் டைப், வீட் கான்ஃபிக், நோட் பதிப்பு, பிரிவ்யூவில் ஓடுகிறதா இல்லையா என்பதை எழுத்தாக அனுப்புங்கள். டெப்ளாய் லாக்கை ஒட்டுவதற்கு முன் அதில் டோக்கனோ சாவியோ இருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள். ஏற்கெனவே எங்காவது ஒட்டிவிட்டிருந்தால் பதிவை அழிப்பதோடு நிற்காமல் அந்தச் சாவியையே ரத்துசெய்து புதிது எடுங்கள்.